தூண்டில் கேள்வி-பதில்: பிடிச்ச மீனை ஏன் திரும்ப விடுறாங்க?

போன இதழ்ல அயர்லாந்து கேவன் பக்கத்து சின்ன ஏரிகளை பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன், நான் அங்க வேலை பார்த்த காலத்துல தூண்டில் போட்ட ஏரிகள். அந்த ரெண்டு வரிக்கு வந்திருக்கிற கேள்விகளை பார்த்தா டெல்டாவுல வீட்டுக்கு ஒரு புள்ள அங்கதான் இருக்கும் போல. அதனால இந்த தடவை முக்காவாசி அயர்லாந்துதான், நம்ம வாய்க்கால்காரங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

என் மகன் அயர்லாந்துல கேவன்ங்கிற ஊர்ல நர்ஸா இருக்கான். லீவு நாள்ல ஏரிக்கரையில நாள் முழுக்க மழையில உக்காந்து மீன் பிடிக்கிறான், போட்டோ எடுக்கிறான், அப்புறம் தண்ணியிலயே விட்டுடுறானாம். கொழம்பு வைக்காத மீனை எதுக்குங்க பிடிக்கணும்? புள்ளைக்கு மனசு ஏதும் சரியில்லையா?
(பாபநாசம் வாசகி)

அம்மா, புள்ள நல்லாத்தான் இருக்கான், கவலைய விடுங்க. அவன் பண்றதுக்கு அங்க கோர்ஸ் ஃபிஷிங்னு பேரு. சால்மன், ட்ரவுட் இதெல்லாம் ஒரு பக்கம், மத்த நல்ல தண்ணி மீன் எல்லாம் இன்னொரு பக்கம்னு அங்க பிரிச்சு வச்சிருக்காங்க, அந்த இன்னொரு பக்கத்துல வர்றதுதான் ப்ரீம், ரோச், ரட், டென்ச், பெர்ச், அப்புறம் நீள மூஞ்சியும் வாய் நிறைய பல்லுமா இருக்கிற பைக். இதுல ப்ரீம், ரோச், ரட், டென்ச் நாலும் நம்ம கெண்டைக்கு ஒறவுக்காரங்கதான், செதிலையும் வாயையும் பார்த்தாலே தெரியும்.

கேவன், மோனகன், லீட்ரிம் இந்த மூணு கவுண்டியும், அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, சின்னச் சின்ன குன்றா இருக்கும், பனியுக காலத்துல பனிப்பாறை இழுத்துட்டு வந்து கொட்டின மண்மேடு அதெல்லாம், மேட்டுக்கு மேடு நடுவுல தண்ணி தேங்கி ஏரி ஆயிடுச்சு. வருஷத்துல எத்தனை நாளோ அத்தனை ஏரி கேவன்லன்னு அங்க பெருமையா சொல்லிக்குவாங்க, எண்ணிப் பார்த்தவங்க யாருன்னு கேக்கக்கூடாது. நம்ம ஏரி மாதிரி மதகு, கலிங்கு, முறைப்பாசனம் எதுவும் கிடையாது, வயலுக்கு தண்ணி விடுற தேவையே இல்ல, மழைதான் சதா பெய்யுதே. சுத்தி புல்வெளி, மாடு, கரையோரம் நாணல், நாணலுக்கு நடுவுல மரப்பலகையில ஒரு மேடை கட்டி விட்டிருப்பாங்க, அதுல உக்காந்துதான் உங்க பையன் மழையில நனையுறான்.

இப்ப ஏன் விடுறான்ங்கிற கேள்விக்கு வர்றேன். முதல் காரணம் சட்டம். 2006ல இருந்து அங்க ஒரு விதி இருக்கு, கோர்ஸ் மீன்ல ஒரு நாளைக்கு நாலுக்கு மேல எடுக்கக்கூடாது, அந்த நாலுலயும் எதுவும் 25 சென்டிமீட்டர தாண்டக்கூடாது. பைக்னா ஒரு நாளைக்கு ஒண்ணு, அதுவும் 50 சென்டிமீட்டருக்குள்ள. கவனிச்சீங்களா, நம்ம ஊர்ல குஞ்சை விடு பெருசை எடுன்னு சொல்லுவோம், அங்க நேர் எதிர், சின்னதை வேணா எடு பெருசை தொடாத. ஏன்னா தண்ணி குளிர்ச்சி. பாபநாசம் பக்கம் ஒரு பண்ணைக்குட்டையில ஆடியில கட்லா குஞ்சு விட்டு தவிடும் புண்ணாக்கும் ஒழுங்கா போட்டா அடுத்த ஆடிக்கு ஒரு கிலோ நிக்கும். அங்க வருஷத்துல பாதி நாள் மீன் சரியாவே திங்காது, அடியில போய் அசையாம கிடக்கும், மிச்ச பாதியில திங்கிறதுலதான் வளரணும். ரெண்டு கிலோ ப்ரீம் ஒண்ணு ஆகுறதுக்கு பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அதாவது உங்க பையன் போட்டோவுல கையில பிடிச்சிருக்கிற மீன் அவன் இங்க ஸ்கூல் படிக்கும்போதே அந்த ஏரியில நீந்திக்கிட்டு இருந்திருக்கும். ஏரியும் சின்னது, முட்டை போடுறதே அந்த பெருசுங்கதான், நாலு பேர் சேர்ந்து ஒரு கோடை முழுக்க பெருசா பார்த்து அள்ளினா அப்புறம் அந்த ஏரியில விரல் நீளத்து ரோச் மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொண்ணு காசு. இங்கிலாந்துல இருந்தும் ஐரோப்பாவுல இருந்தும் தூண்டிலோட வந்து வாரக்கணக்குல தங்குறவங்க உண்டு, அந்த சின்ன ஊர்கள்ல ரூம் வாடகை, சாப்பாடு, புழு விக்கிறவன் கடை எல்லாம் அவங்கள நம்பித்தான். செத்த ப்ரீமுக்கு மார்க்கெட்ல விலையே கிடையாது, உயிரோட ஏரியில இருந்தா ஊருக்கே வருமானம்.

இதெல்லாம் சொன்னாலும், தூண்டில் முள்ளு குத்தினா மீனுக்கு நோகும்தானே, விளையாட்டுக்கு ஏன் நோகடிக்கணும்னு நீங்க கேட்டா என்கிட்ட பெரிய பதில் இல்லைங்கம்மா. அதனாலதான் நுனியில எதிர்ப்பல்லு இல்லாத வழவழ முள்ளு, கையை நனைச்சுட்டுத்தான் மீனை தொடணும், தரையில போடாம மெத்து மெத்துன்னு ஒரு பாய் விரிச்சு அதுல வச்சு கழட்டணும்னு ஆயிரம் பக்குவம் வச்சிருக்காங்க. காஞ்ச கையால பிடிச்சா மேல இருக்கிற வழுவழுப்பு போயிடும், அது போச்சுன்னா சீக்கு பிடிச்சுடும். உங்க பையன் அதெல்லாம் பார்த்துப் பண்றானான்னு மட்டும் அடுத்த போன்ல கேளுங்க.

அண்ணே, ஆவணியில கேவன் போறேன், வேலை கிடைச்சிருக்கு. இங்க வெட்டாத்துல மண்புழு, மைதா உருண்டை வச்சு ஜிலேபியும் கெண்டையும் பிடிச்சு பழக்கம். அங்க இது எடுபடுமா? என்னென்ன வாங்கணும்?
(நன்னிலம் வாசகர்)

தம்பி, மண்புழுவுக்கு மடங்காத மீன் எந்த நாட்டுலயும் இல்ல. ப்ரீமுக்கும் டென்ச்சுக்கும் பெர்ச்சுக்கும் அங்க முதல் இரை அதுதான். மைதாவுக்கு பதிலா டின்ல வர்ற ஸ்வீட்கார்ன் ரெண்டு மணி, இல்லன்னா ரொட்டி. ஆனா அங்கத்து ஆளுங்க அதிகமா போடுறது மேகட், அதாவது ஈப்புழு, கடையில பைன்ட் கணக்குல அளந்து குடுப்பான், வெள்ளை, செவப்புன்னு கலர் வேற. முதல் தடவை டப்பாவ திறக்கும்போது ஒரு மாதிரி இருக்கும், பழகிடும். வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதா இருந்தா கூட தங்குறவங்ககிட்ட முதல்லயே சொல்லிடு, இதுனால ரூம் மாறினவங்க உண்டு.

வாங்குறதை விட முக்கியம் எப்படி போடுறதுங்கிறது. நம்ம வாய்க்கால்ல தக்கைய குத்துமதிப்பா ஒரு முழம் விட்டு கட்டிட்டு ஓட்டத்துல விட்டுடுவோம், தண்ணி கொண்டு போற இடத்துல மீன் இருக்கும். ஏரியில ஓட்டம் கிடையாது, மீன் அடியில மேயும், இரை அடி மண்ணை தொட்டும் தொடாம நிக்கணும். அதுக்கு முதல்ல ஆழம் பார்க்கணும், முள்ளுல ஒரு ஈயக்கட்டிய மாட்டி எறி, தக்கை முழுகினா ஆழம் பத்தலைன்னு அர்த்தம், தக்கைய மேல ஏத்து, தக்கை படுத்துக்கிச்சுன்னா அதிகமாயிடுச்சு, கீழ இறக்கு, நுனி மட்டும் தெரியுற மாதிரி வர்ற வரைக்கும் விடாத. சோம்பேறித்தனப்பட்டு இதை விட்டவன் சாயங்காலம் வரைக்கும் சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் தீனி. இங்க கட்லா, ரோகுவுக்கு தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைஞ்சு உருண்டை போடுறாங்கல்ல, அங்க ரொட்டித்தூள்தான் அடிப்படை, அதுல நறுக்கின மண்புழு, கொஞ்சம் மேகட், கார்ன் கலந்து ஆரஞ்சுப்பழ அளவு உருட்டி ஒரே இடத்துல போடுவாங்க. ஒரே இடத்துலங்கிறத மறந்துடாத. ப்ரீம் கூட்டமா சுத்துற மீன், கூட்டம் அந்த பக்கம் வந்து தீனிய பார்த்துட்டா நின்னு மேயும், அப்ப ஒண்ணு மாத்தி ஒண்ணு ஏறும், ஒவ்வொண்ணும் கையெல்லாம் சட்டையெல்லாம் கோழைய தடவிட்டுத்தான் போகும். வராத நாள்ல வராது. தூரமா போடணும்னா ஃபீடர்னு ஒரு சின்ன கூண்டு, தீனிய அதுல அடைச்சு எறிஞ்சா அது போய் அடியில கரையும், முள்ளு பக்கத்துலயே கிடக்கும், அதுக்கு தக்கை வேண்டாம், கம்போட நுனி ஆடுறதை பார்த்து இழுக்கணும்.

டென்ச் வேற ரகம். பச்சையும் தங்கமும் கலந்த மேனி, சின்னதா செவப்பு கண்ணு, செதில் இருக்கிறதே தெரியாத அளவுக்கு வழவழன்னு இருக்கும். மே, ஜூன் மாசத்துல விடியக்காலையில நாணல் ஓரமா, அல்லி இலைக்கு பக்கத்துல பொடிப்பொடியா கொப்புளம் வந்துச்சுன்னா டென்ச் மண்ணை கிளறுதுன்னு அர்த்தம். தக்கை உள்ள இழுக்கும்னு பார்த்துக்கிட்டே இருப்ப, அது இழுக்காது, மெதுவா மேல எழும்பி படுத்துக்கும். ஏன்னா மீன் தலைகீழா நின்னு இரைய வாயில எடுத்துட்டு நிமிருது, நிமிரும்போது கீழ கிடக்கிற ஈயமணியையும் சேர்த்து தூக்கிடுது, கனம் போன தக்கை எழும்புது. கம்பை அப்பதான் சுண்டி இழுக்கணும். வெட்டாத்து பழக்கத்துல முழுகட்டும் முழுகட்டும்னு காத்திருந்தா இரைய துப்பிட்டு போயிடும்.

ரெண்டு எச்சரிக்கை. கார்பன்ல பண்ணின நீளக் கம்பு வாங்கினா மேல கரண்டு கம்பி போகுதான்னு பார்த்துட்டு நீட்டு, கார்பன்ல கரண்டு பாயும். இன்னொண்ணு எலிக்காய்ச்சல், நம்ம ஊர் வயல்ல மட்டும் வர்றதுன்னு நினைக்காத, அங்கயும் தண்ணியில எலி மூத்திரத்தால வரும், கையில வெட்டு இருந்தா பிளாஸ்திரி போட்டுக்க, கை கழுவாம சாண்ட்விச்ச தொடாத.

லைசன்ஸ் வேணுமா சார்? மாட்டினா விசாவுக்கு பிரச்சனை ஆகுமா?
(மயிலாடுதுறை வாசகர்)

விசா பத்தி வக்கீல்கிட்ட கேளுங்க, மீனை பத்தி நான் சொல்றேன். அயர்லாந்து குடியரசுல கோர்ஸ் மீனுக்கு அரசாங்க லைசன்ஸ் கிடையாது, சால்மன், கடல் ட்ரவுட்டுக்குத்தான் வேணும். சில ஏரிகளுக்கு தனியா பெர்மிட் உண்டு, பக்கத்துல தூண்டில் சாமான் விக்கிற டாக்கிள் கடையில கேட்டா சொல்லிடுவாங்க. கேவன்ல இருந்து கொஞ்ச தூரம் வடக்க போனா பார்டர் தாண்டி வட அயர்லாந்து, அது பிரிட்டனோட சேர்ந்தது, அங்க ராட் லைசன்ஸ்னு தூண்டில் போடுற லைசன்ஸும் வேணும், அரசாங்க ஏரின்னா பெர்மிட்டும் வேணும். ரோட்டுல பார்டர்னு ஒண்ணும் தெரியாது, ஸ்பீடு போர்டு கிலோமீட்டர்ல இருந்து மைலுக்கு மாறும் அவ்வளவுதான், அதனால எந்த பக்கம் நிக்கிறோம்னு பார்த்துக்கோங்க. குடியரசு பக்கம் அதிகபட்சம் ரெண்டு தூண்டில், உயிர் மீனை இரையா மாட்டக்கூடாது. இதையெல்லாம் பார்க்கிறது இன்லேண்ட் ஃபிஷரிஸ் அயர்லாந்துன்னு ஒரு அரசு அமைப்பு, 2010ல இருந்து இருக்கு, அவங்க ஆளுங்க ஏரிக்கரைக்கே வந்து பார்ப்பாங்க. எல்லாத்துக்கும் மேல, ஏரிக்கு போற வழி பெரும்பாலும் யாரோ ஒரு விவசாயியோட நிலம். கேட்டை திறந்தா மூடணும், மாடு வெளிய போச்சுன்னா உங்களுக்கு மட்டும் இல்ல, அடுத்து வர்ற எல்லாருக்கும் அந்த வழி அடைஞ்சுடும்.

அந்த நாலு சின்ன மீனையாவது கொழம்பு வைக்கலாமா? விலாங்கு கிடைக்குமா அங்க?
(திருத்துறைப்பூண்டி வாசகர்)

ரோச்சும் ப்ரீமும் முள்ளோ முள்ளு, போதாததுக்கு சேத்து வாடை. போலந்து, லித்துவேனியா பக்கத்து ஆளுங்க பக்குவமா சமைப்பாங்க, நமக்கு புளி கரைச்சு மொளகா அரைச்சு ஊத்தினாலும் அந்த வாடை போகாதுங்கிறது என் நாக்கோட தீர்ப்பு. பெர்ச் மட்டும் ருசியான மீன், தோலை உரிச்சுட்டு வறுத்தா நல்லாருக்கும், 25 சென்டிமீட்டர் கணக்கு அதுக்கும் உண்டு. விலாங்கு முள்ளுல ஏறும், ஆனா கையில வச்சுக்கக்கூடாது, எண்ணிக்கை ரொம்ப குறைஞ்சு போனதால 2009ல இருந்து விலாங்கு பிடிக்க தடை, தற்செயலா ஏறினா உடனே விட்டுடணும். கொழம்பு ஆசைக்கு கோடையில கடற்கரைக்கு போங்க, கானாங்கெளுத்தி கூட்டமா கரைக்கு வரும், இறகு கட்டின முள்ளுலயே நாலஞ்சு ஒண்ணா ஏறும், அது நம்ம கொழம்புக்கு கச்சிதம்.

என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமையானா அரசலாத்தங்கரையில உக்காந்துடுறார். ஒரு கிலோ மீன் கூட வர்றதில்ல. நிறுத்த வழி சொல்லுங்க.
(கும்பகோணம் வாசகி)

கூடப் போங்க. நிறுத்திடுவார்.

நம்ம ஊர்லயும் பிடிச்ச மீனை திரும்ப விடலாமே, ஏன் யாரும் சொல்றதில்ல? வெளிநாட்டுக்காரனுக்கு இருக்கிற அக்கறை நமக்கு இல்லையா?
(மன்னார்குடி வாசகர், கல்லூரி மாணவர்)

அக்கறைய எடை போடுறதுக்கு முன்னாடி தண்ணிய பாருங்க தம்பி. மேட்டூர்ல ஜூன் 12 திறந்தா, அதுவும் தண்ணி இருக்கிற வருஷத்துல, கல்லணை வந்து வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறுன்னு பிரிஞ்சு கடைமடைக்கு வர நாளாகும், ஜனவரி 28ல மூடிடுவாங்க. மாசி பங்குனியில வாய்க்கால் வத்தி மடுவுல மட்டும் தண்ணி நிக்கும், அந்த மடுவுல சிக்கின கெண்டைய நீங்க பெரிய மனசு பண்ணி விட்டாலும் சித்திரைக்குள்ள கொக்கு தின்னுடும், இல்ல சேத்துல சாகும். அதை எடுத்து கொழம்பு வைக்கிறது ஒரு பாவமும் இல்ல. குளமா இருந்தா பஞ்சாயத்து ஏலம் விட்டிருக்கும், குத்தகைக்காரர் காசு குடுத்து குஞ்சு வாங்கி விட்ட மீன், அதுல தூண்டில் போடுறதே தப்பு, அப்புறம் எங்க விடுறது. கோயில் குளம், வடுவூர் ஏரி மாதிரி பறவை சரணாலயம் இதெல்லாம் பேச்சுக்கே இல்ல.

விடவே கூடாத மீனும் இருக்கு. ஆப்பிரிக்கன் கெளுத்தி, வளர்க்கிறதுக்கே தடை போட்ட மீன், இருந்தாலும் வெள்ளத்துல தப்பிச்சு ஆத்துல கிடக்கு, கண்டதையும் தின்னுடும். கண்ணாடித் தொட்டிக்கு வாங்கிட்டு வந்து அலுத்துப்போய் குளத்துல கொட்டுற சக்கர் மீனும் அப்படித்தான். ஜிலேபி 1952ல இந்தியாவுக்கு வந்தது, இப்ப அது இல்லாத குட்டை எது சொல்லுங்க. இந்த விஷயத்துல அயர்லாந்துக்காரனும் நம்ம கட்சிதான், ரோச் அங்கத்து மீனே இல்ல, 1889ல தெற்க மன்ஸ்டர் பக்கம் பிளாக்வாட்டர் ஆத்துல கொண்டு வந்து விட்டது, தூண்டில் இரைக்குன்னு ஆளுங்க அங்க இங்க தூக்கிட்டுப் போய் விட்டு விட்டு இன்னிக்கு நாடு பூரா இருக்கு, நிறைய ஏரியில பழைய ரட் மீனை ஓரங்கட்டிடுச்சு. இப்ப உயிரோட ரோச்ச ஒரு தண்ணியில இருந்து இன்னொரு தண்ணிக்கு கொண்டு போறது அங்க குத்தம்.

ஆனா ஒரு மீனை நீங்க விட்டே ஆகணும்னு நான் சண்டை போடுவேன். வயல் ஓரத்து வாய்க்கால்ல, தாமரைக்குளத்துல, உள்ளங்கை அகலத்துக்கு தண்ணி செக்கச்செவேல்னு கொதிக்கிற மாதிரி தெரியும், கிட்ட போய் பார்த்தா விரால் குஞ்சு, நூத்துக்கணக்குல ஒண்ணா மேல வந்து மூச்சு வாங்கிட்டு இறங்கும். அதுக்கு அடியிலதான் தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அந்த குஞ்சுக் கூட்டத்து நடுவுல தவளைய போட்டா, பசிக்காக இல்ல, குஞ்சை காப்பாத்த வந்து கடிக்கும், நிச்சயமா மாட்டும், அதனால தூண்டில்காரங்களுக்கு அது சுளுவான வேட்டை. காவல் போனா அடுத்த கொஞ்ச நேரத்துல கெளுத்தியும் குறவையும் தண்ணிப்பாம்பும் சேர்ந்து அந்த செவப்பை முடிச்சுடும். ஒரு விராலுக்கு ஆசைப்பட்டு ஒரு வாய்க்காலோட அடுத்த வருஷ விராலை அழிக்கிறது. சட்டம் ஒண்ணும் வந்து கேக்காது, நீங்கதான் கம்பை சுருட்டிக்கிட்டு நாலு அடி தள்ளிப் போகணும்.

எந்த மாசம் நல்லது? குளிர்காலத்துல மீன் பிடிக்க முடியுமா?
(நாகப்பட்டினம் வாசகர்)

இங்கிலாந்து ஆறுகள்ல மார்ச் பாதியில இருந்து ஜூன் பாதி வரைக்கும் மூடிடுவாங்க, அயர்லாந்துல கோர்ஸ் மீனுக்கு அப்படி மூடுற காலம் இல்ல. மே முதல் செப்டம்பர் வரைக்கும் ப்ரீம், டென்ச். ஜூன்ல ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், வேலை முடிஞ்சு வந்து சாப்பிட்டுட்டு கூட போகலாம். குளிர்காலத்துல பைக்தான், அதுவும் அஞ்சு அடுக்கு உடுப்பு போட்டுக்கிட்டு. மழைக்கோட்டு பன்னிரண்டு மாசமும்.

எங்க தாத்தாவோட மூங்கில் கம்பு, தக்கை, கூடவே வீசு வலை ஒண்ணும் இருக்கு. அயர்லாந்து போற என் தம்பிக்கிட்ட குடுத்து விடலாமா?
(கூத்தாநல்லூர் வாசகர்)

வலை வேண்டவே வேண்டாம், ஏரியில வலை வீசினா கேஸு. கம்பு ஃப்ளைட்ல ஏத்துற நீளத்துல இருக்காது, அப்படியே ஏத்தினாலும் அங்க அது அவசியப்படாது, ரீல் இல்லாம நுனியில நரம்பு கட்டி பிடிக்கிற கம்பு அங்கயும் உண்டு, போல்னு பேரு, 11 மீட்டர் நீளம் வரைக்கும் சாதாரணமா வச்சிருக்காங்க, துண்டு துண்டா கழட்டி மாட்டுறது, தாத்தா கம்பு பிடிச்ச கைக்கு அது சீக்கிரம் வசப்படும். தக்கை நாலு குடுத்து விடுங்க, ஆனா கழுவி நல்லா வெயில்ல காய வச்சு. ஒரு தண்ணியில நனைஞ்ச சாமானை காய வைக்காம இன்னொரு தண்ணியில போடுறது அங்க பெரிய குத்தமா பார்ப்பாங்க, ஜீப்ரா மஸல்னு ஒரு சின்ன சிப்பி அப்படித்தான் படகோடயும் சாமானோடயும் ஏரி ஏரியா பரவி ஒட்டிக்கிச்சு, அங்கத்து நண்டு மாதிரி ஒரு நல்ல தண்ணி இறாலுக்கு கொள்ளை நோய் வேற சுத்துது. ஒரு ஏரியில இருந்து அடுத்த ஏரிக்கு போகும்போது பூட்ஸு, வலைப்பை, பாய் எல்லாத்தையும் கழுவி காய வச்சுட்டுத்தான் போகணும்னு தம்பிக்கிட்ட சொல்லிடுங்க. முள்ளு, நரம்பு, ஈயம் எல்லாம் அங்கயே வாங்கிக்கட்டும். மேகட் மட்டும் சின்ன ஊர் கடைகள்ல எப்பவும் இருக்காது, சனிக்கிழமைக்கு வேணும்னா முன்னாடியே போன் பண்ணி சொல்லி வைக்கணும்.